மஞ்ச வச்ச குஷன்

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி நான் போன்ல பாத்ததெல்லாம் குஷன் கவர் வீடியோதான். சத்தியமா லா. மத்தவனுங்க பந்து, மோட்டோ, பொண்ணுங்கன்னு பாத்துட்டு இருக்கானுங்க. டிப்ளோமா முடிச்ச எரும மாடு நான், சோபாவுல எந்தக் கலருக்குப் பக்கத்துல எந்தக் கலரு வைக்கணும்னு ஒரு வெள்ளக்காரப் பொம்பள சொல்றத வாயப் பொளந்து கேட்டுட்டு இருந்தேன். என் கூட்டாளி எட்டிப் பாத்துட்டு, "மச்சான், நீ ஓகேவா"ன்னு கேட்டான்.

ஓகே இல்ல. கொஞ்சம்கூட ஓகே இல்ல.

அப்பா இறந்து அப்பதான் வருஷம் திரும்பியிருந்துச்சு. அப்பா லோரி ஓட்டுனவரு. செடெனாக் பக்கத்துத் தோட்டத்துலேர்ந்து செம்பனக் கொல ஏத்திக்கிட்டு மில்லுக்குப் போவாரு. ஒரு நா வெள்ளனா பசியாறிட்டு, சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே சோபா மூலையில உக்காந்தாரு. எந்திரிக்கல. அவ்ளோதான். அவரு செத்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்ல. கர்ட்டன் மாத்தல, குஷன் மாத்தல, சொந்தக்காரங்க கொண்டாந்த முறுக்கு டின்னுலயே நமுத்துப் போச்சு. எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடுனாங்க. வருஷம் திரும்பட்டும், திதி குடுத்துட்டா அம்மா சரியாயிருவாங்க.

திதி குடுத்தாச்சு. ஐயரு வந்து போயிட்டாரு. அம்மா சரியாவல.

அம்மா அழுதிருந்தாகூட நான் பயந்திருக்க மாட்டேன். அவங்க அழவே இல்ல. அப்பா உக்காந்த அதே மூலையில உக்காந்துக்குவாங்க. ஃபேன் ஓடும். டிவி ஓடும். என்ன கேட்டாலும் "ஏதாச்சும் பண்ணு". மதியத்துக்கு என்னம்மா சமைக்க? ஏதாச்சும் பண்ணு. ம்மா, முடி வெட்டிக்கிட்டேன், எப்பிடி இருக்கு? ம். இது எங்கம்மாவே இல்ல. பள்ளிக்கூட கேண்டீன்ல வேல செஞ்சவங்க அவங்க. சோத்துத் தட்டுல காய ஒதுக்குற பையன அந்தக் கடைசியிலேர்ந்து கண்டுபுடிச்சு சத்தம் போடுவாங்க. என் முடியப் பத்தி ஒரு மணி நேரம் ஏசாம விட்டதே இல்ல.

அதுலயும் குஷன்னு வந்துட்டா அம்மா ஒரு சர்வாதிகாரி.

எங்க வீட்டு சோபா மர சோபா. குஷனெல்லாம் அம்மாவே இலவம்பஞ்சு அடச்சுத் தச்சது. ஒவ்வொண்ணும் குண்டுப் பாப்பா மாதிரி கனக்கும். கவர இழுத்து மூடுற சிப்பு எப்பவும் கீழப் பக்கம் இருக்கணும், வந்தவங்க முதுக உறுத்தக் கூடாது. குஷன் மேல உக்காரவே கூடாது, சாய்ஞ்சுக்கலாம், இல்ல மடியில வச்சுக்கணும். கவர் கலரு கர்ட்டன்ல இருக்குற பூவோட சேரணும், எலையோட இல்ல. வருஷா வருஷம் தீபாவளிக்குப் புதுக் கவர். ஆனா விருந்தாளி வர்றது நின்னதும் போன வருஷப் பழைய கவர எடுத்து அந்தப் புதுசுக்கு மேலயே மாட்டி விட்டுருவாங்க. புதுசு அழுக்காவக் கூடாதாம்.

"அப்ப புதுச யாரும்மா பாக்குறது?"

"உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

என்ன லாஜிக்கோ. நான் பேசாம போயிருவேன்.

துணி எடுக்கறதுக்குத் தங்காக்குக்குத்தான் போவோம், துணிக் கடைக்குப் பேர் போன ஊரு அது. இங்க கூலாய்லயே கட இருக்கு, ஜொகூர் பாருல பெரிய பெரிய மால் இருக்கு. ம்ஹூம். ஹைவே ஏறி, வழியில ஒரு வாட்டி நிறுத்தி, தங்காக்குல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு துணிக் கட. கடக்கார அண்ணன் துணிய விரிப்பாரு, அம்மா கசக்கிப் பாப்பாங்க, அப்பா நேரா போயி ஒரு மஞ்சத் துணிய உருவிட்டு வந்து நிப்பாரு. வருஷா வருஷம் மஞ்ச.

"இது நல்லா பளிச்சுன்னு இருக்குல்ல?"

"ஆமா, கொண்டு போயி உங்க லோரிக்குப் போடுங்க."

அந்த ஆளு ஒரு வருஷம்கூட ஜெயிச்சதில்ல. மெரூன், கரும்பச்ச, ஊதா, இப்பிடித்தான் எங்க வீட்டு வரலாறு. அப்பா மஞ்சத் துணிய மடிச்சுக் கடக்கார அண்ணன்கிட்ட குடுத்துட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"பாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். எனக்கு சிங்கப்பூர்ல வேல கெடச்சுச்சு. தீபாவளி முடிஞ்ச மறு வாரம் சேரணும். இருட்டோட பஸ் ஏறணும், பாலம் தாண்டணும், திரும்பி வர்றப்பவும் இருட்டிரும். அம்மா தனியா இருக்கணும். நான் நேர்காணலுக்குப் போன அன்னைக்கே ஒரு கூத்து நடந்துச்சு. அம்மா அடுப்புல தண்ணி வச்சிட்டு மறந்து போயி, தண்ணி வத்தி, சட்டி கருகி, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, மக்சிக்தான் வாட பிடிச்சு ஓடி வந்து அடுப்ப அடைச்சிருக்காங்க. அம்மா அடுப்புக்கு ஏழு அடி தள்ளி சோபாவுலதான் உக்காந்திருந்தாங்களாம். நான் வச்சிட்டுப் போன சோறு அப்பிடியே இருந்துச்சு.

மக்சிக் யாருகிட்ட சொன்னாங்களோ, லாயாங் லாயாங் ஊருல இருக்குற என் மாமா காதுக்குப் போயிருச்சு. அம்மாவோட தம்பி. நல்ல மனுசன்தான், அதான் பிரச்சனையே. வந்து உக்காந்து ரெண்டு வார்த்தையில முடிவு பண்ணிட்டாரு.

"மருமகனே, நீ வேலைக்குப் போ, வேணாங்கல. அக்கா என் வீட்ல இருக்கட்டும். தீபாவளி அன்னைக்கு வரேன், சாப்பிட்டுக் கூட்டிட்டுப் போறேன். வீட்டப் பூட்டிரு. நீ அங்கயே ரூம் எடுத்துக்க."

"அம்மா என்ன கொழந்தையா மாமா?"

"கொழந்தையா இருந்தா பசிச்சா அழுவும்டா."

அம்மாவப் பாத்தேன். ஒரு ராத்திரிகூட வெளிய தங்காத பொம்பள. கல்யாண வீட்டுக்குப் போனாலும் "என் தலகாணி இல்லாம தூக்கம் வராது"ன்னு அப்பாவ எழுப்பி அப்பவே காடிய எடுத்து வீட்டுக்கு ஓட்டச் சொல்ற ஆளு. இப்ப சண்ட போடுவாங்கன்னு பாத்தேன்.

"சரிடா தம்பி"ன்னாங்க. அவ்ளோதான்.

அந்த "சரி"தான் என்னக் கொன்னுச்சு. அம்மா இந்த வீட்ட விட்டுப் போனா, அங்கயும் ஒரு மூலையில உக்காந்து, அப்பிடியே போயிருவாங்கன்னு எனக்குத் தோணுச்சு. யாருகிட்டயும் சொல்லல. கூட்டாளிகிட்ட மட்டும் சொன்னேன். அவன் யோசிச்சு யோசிச்சு, "உங்கம்மாவுக்கு எதுல மச்சான் கோவம் வரும்"னு கேட்டான்.

அப்பதான் எனக்குக் குஷன் ஞாபகம் வந்துச்சு.

பிளான் ரொம்ப சிம்பிள். குஷன நல்லா பண்ணா அம்மா பாத்து சந்தோஷப்படணும். இல்ல கேவலமா பண்ணா என்னத் திட்டணும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு ஓகே. வாயத் தொறந்தா போதும். மாமாகிட்ட காட்டி, "பாருங்க, திட்டுறாங்க, நல்லாருக்காங்க"ன்னு சொல்லிரலாம்.

மொதல்ல ஆன்லைன்ல வாங்குனேன். அந்த வெள்ளக்காரப் பொம்பள சொன்ன கலரு, மண்ணுக் கலரு, சாம்பக் கலரு, என்னமோ காஞ்ச புல்லு மாதிரி ஒண்ணு. வந்துச்சு. அம்மா முன்னாடியே உக்காந்து மாட்டுனேன், வேணும்னே. மத்தவன் வீட்டு ஒல்லிக் குஷனுக்குத் தச்ச கவரு லா அது, எங்கம்மாவோட குண்டுப் பாப்பாவுக்கு எப்பிடிப் பத்தும்? முட்டி போட்டு அமுக்குனேன். காலால மிதிச்சு அமுக்குனேன். ஒண்ணு உள்ள போச்சு. சிப்ப இழுத்தேன். கவரு தையலோட சேத்து உள்ள இருந்த அம்மாவோட தையலும் டர்ருன்னு கிழிஞ்சு, பஞ்சு குபுக்குன்னு வெளிய வந்துச்சு. மேல ஃபேன் முழு வேகத்துல ஓடுது. ஹால் பூரா பஞ்சு. டிவி மேல, அப்பா படத்து மால மேல, என் வாயில.

அம்மா கையால தச்ச குஷன். நான் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னு. அம்மா தலையில ஒட்டியிருந்த பஞ்ச மெதுவா எடுத்தாங்க. பாத்தாங்க. கீழப் போட்டாங்க.

"ஃபேன நிறுத்து"ன்னாங்க. கண்ண மூடிக்கிட்டாங்க.

அன்னைக்குப் பூரா பஞ்சு பொறுக்குனேன். கட்டிலுக்கு அடியில பஞ்சு பொறுக்கிக்கிட்டே அழுத ஒரே டிப்ளோமாக்காரன் இந்த ஜொகூர்ல நானாத்தான் இருப்பேன்.

அப்புறம் தங்காக். இதுதான் கடைசித் துருப்புன்னு நெனச்சேன். அப்பாவோட பழைய காடி, அளவுக்கு ஒரு குஷன் பின் சீட்டுல, பக்கத்துல அம்மா. ஹைவேயில லேடாங் மலை தெரியிற எடம் வந்துச்சு. அப்பா அந்த எடத்துல எப்பவும் "அந்தா மல"ன்னு சொல்வாரு, என்னமோ மலை ஓடிப் போயிருமோங்கற மாதிரி. நான் சொல்லலாமான்னு பாத்தேன். சொல்லல. அம்மா ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டே வந்தாங்க.

கடக்கார அண்ணன் எங்கள தூரத்துலயே பாத்துட்டாரு. "வாங்க வாங்க, போன வருஷம் ஆளயே காணோம். அண்ணன் காடி நிறுத்துறாரா?"

நான்தான் சொன்னேன். அண்ணன் கையில இருந்த கத்தரிக்கோல வச்சிட்டாரு. ஒரு நாக்காலி இழுத்துப் போட்டு அம்மாவ உக்கார வச்சாரு, ஒரு மினரல் தண்ணி வாங்கியாரச் சொன்னாரு. அப்புறம் அவருக்கும் என்ன பண்றதுன்னு தெரியல போல. துணிய எறக்கி எறக்கிப் போட்டாரு. நான் ஒவ்வொண்ணா அம்மா மடியில விரிச்சேன்.

"இது எப்பிடிம்மா?"

"உன் இஷ்டம்."

"இந்த மெரூன்?"

"ம்."

வேணும்னே தேடி எடுத்தேன் ஒண்ணு. சிறுத்தத் தோலு டிசைன், அதுக்குள்ள ரோசாப் பூவு, ஓரத்துல மினுக்கு. கம்பத்துல பாட்டுப் பாடுற கரவோக்கே கடையில கூட மாட்ட மாட்டானுங்க. "ம்மா, இதையே எல்லாத்துக்கும் எடுத்துரட்டுமா? கர்ட்டனுக்கும்?"

"எடு."

கடக்கார அண்ணனே சிரிச்சிட்டாரு. "தம்பி, நானே இத ரெண்டு வருஷமா விக்க முடியாம வச்சிருக்கேன்." அவரு அந்தப் பேச்சு வேகத்துல, பழக்க தோஷம், மேல் தட்டுலேர்ந்து ஒரு மஞ்சத் துணிய இழுத்துட்டாரு. இழுத்தப்புறம்தான் அவருக்கே உறைச்சுச்சு. கையிலயே வச்சுக்கிட்டு நின்னாரு. அம்மா அதப் பாத்தாங்க. எந்திரிச்சாங்க. "நான் காடியில இருக்கேன்"னுட்டு நடந்து போயிட்டாங்க.

எனக்கு மண்ட காலி. கைக்குக் கெடச்சத, தந்தக் கலருல ஒரு சாதாத் துணிய எடுத்து நீட்டுனேன்.

"தம்பி, வெள்ளையா எடுக்குறீங்க. தீபாவளி நேரம், முறுக்கு எண்ணக் கையோட புடிப்பாங்க."

"பரவால்ல லா அண்ணே. யாரு வரப் போறா."

அண்ணன் மேல் மாடியில அன்னைக்கே தைக்கக் குடுத்தாரு. நான் கடைக்கு வெளிய நின்னு பாத்தேன். அம்மா காடிக்குள்ள நேரா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. யாருமில்லாத ஓட்டுற சீட்டு பக்கத்துல.

தீபாவளிக்கு மொத நாளு எங்க வீட்ல படையல். செத்துப் போனவங்களுக்குப் புடிச்சதெல்லாம் சமைச்சு, புதுத் துணி வச்சுக் கும்புடணும். வருஷம் திரும்பி அப்பாவுக்கு மொதத் தடவ. எப்பவும் அம்மாதான் எல்லாம் செய்வாங்க. "நீயே பாரு"ன்னுட்டு ரூம்ல போய்ப் படுத்துட்டாங்க. மறுநாள் மத்தியானம் மாமா வராரு. அம்மா அவங்க பையக்கூட கட்டி வச்சிட்டாங்க. கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு, நான் அதத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன்.

நான் பாத்தேன். ஆட்டெறச்சி ஒட்டுக்கடைக்காரம்மாகிட்ட சொல்லி வாங்குனேன். வட, கேசரி, அப்பா குடிக்கிற ஸ்டவுட் பீரு ஒரு போத்தல், ஒரு பாக்கெட் சிகரெட். எல போட்டேன். அப்பாவுக்கு வேட்டி, சட்ட. அம்மாவுக்குப் பொடவ. எனக்கு ஜிப்பா. புதுத் துணின்னா மஞ்ச வைக்கணும், அது எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடச் சட்ட காலர்லகூட அம்மா மஞ்ச வச்சுத்தான் குடுப்பாங்க. சாமி மேடையில மஞ்ச டப்பாவத் தேடுனேன், இல்ல. அப்பா காரியத்தப்ப பெரியம்மாதான் அத எடுத்து அலமாரிக்கு மேல வச்சாங்க. அதுக்கப்புறம் அம்மா கொழம்புக்குப் போடுற மஞ்சளத் தவிர வேற மஞ்சளத் தொடல. நான் நாக்காலி போட்டு ஏறி எடுத்தேன். தண்ணி ஊத்திக் கரச்சேன். வேட்டிக்கு வச்சேன். பொடவைக்கு வச்சேன்.

அப்புறம் குஷன் கவரு. அதுவும் புதுத் துணிதானே? இந்த வீட்டுக்கு வந்த புதுத் துணி. எதையாவது நான் விட்டுட்டா, அதனாலயே நாளைக்கு அம்மா போயிட்டா? என் மண்ட அன்னைக்கு அப்பிடித்தான் ஓடுச்சு, சிரிக்காதீங்க. ஒவ்வொரு கவரையும் படையல் முன்னாடி விரிச்சு, கட்ட வெரல மஞ்சள்ல முக்கி, நட்ட நடுவுல, நெத்தியில பொட்டு வைக்கிற மாதிரி நல்லா அழுத்தி வச்சேன். எல்லாத்துக்கும். சூடம் காட்டுனேன். "ப்பா, நாளைக்கு அவங்கள விட்டுராத"ன்னு சொன்னேன். வேற எதுவும் கேக்கல.

சூடம் அணஞ்சப்புறம் கவர எடுக்கப் போறேன், அய்யோ அலமாக். பொட்டு பொட்டா இல்ல. மஞ்சத் தண்ணி துணியில ஊறி, பரவி, ஒவ்வொரு கவருலயும் தோச அளவுக்கு நிக்குது. தந்தக் கலரு துணி வேற.

கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"சோப்புப் போட்டுக் கசக்கு மச்சான். சட்டுன்னு பண்ணு, காஞ்சா போவாது."

பாத்ரூமுக்கு ஓடுனேன். வாளியில எல்லாத்தையும் போட்டேன், சோப்புத்தூள அள்ளிக் கொட்டுனேன், கசக்குனேன். செவந்துச்சு. மஞ்சளு சோப்புல பட்டா செவக்கும்னு எவனும் எனக்குச் சொல்லல. கசக்கக் கசக்கச் செவப்பு. வாளி செவப்பு, கையி செவப்பு, சுவத்துல தெறிச்சதும் செவப்பு. நான் அந்த ஈரத் தரையில அப்பிடியே உக்காந்துட்டேன். முடிஞ்சுச்சுடா. ஒரு குஷன் கவரு. ஒரே ஒரு வேல. அதையும் கொல பண்ணி வச்சிருக்கேன். நாளைக்கு மாமா வந்து பைய எடுத்துக்கிட்டுப் போவாரு, நான் கதவப் பூட்டுவேன். சத்தம் போட்டு அழுதேன். அப்பாவுக்குக்கூட அப்பிடி அழல நான்.

வெளிய காலடிச் சத்தம். ஓடி வர்ற சத்தம். ஒரு வருஷமா அந்த வீட்ல யாரும் ஓடல.

"டேய், என்னடா ரத்தம்? எங்க வெட்டிக்கிட்ட? கையக் காட்டு, கையக் காட்டுடா."

"ரத்தம் இல்லம்மா."

"அப்ப என்னடா இது?"

"மஞ்ச."

அம்மா வாளியப் பாத்தாங்க. ஒரு கவரத் தூக்கிப் பாத்தாங்க. என்னப் பாத்தாங்க.

"மஞ்சளா? குஷன் கவருக்கா?"

"புதுத் துணிம்மா."

"புதுத் துணின்னா? உடுத்துற துணிக்குடா மஞ்ச வைக்கிறது. குஷன் என்ன குளிச்சிட்டுக் கோயிலுக்கா போவப் போவுது? அதையும் எங்க வச்சிருக்க? நடுவுலயா? ஓரத்துல, உள் பக்கமா, ஒரு துளி வைக்கணும்டா மாடு. இதுல சோப்பு வேற. எவன்டா சோப்புப் போடச் சொன்னது?"

"கூட்டாளி."

"அந்த மண்டையில ஒண்ணுமில்லாதவனா? அவன் வீட்ல அவன் ஜட்டியவே அவன் தொவைக்க மாட்டான், அவன்கிட்ட கேட்டியா நீ? எந்திரி. அந்தப் பக்கம் போ. தண்ணியத் தொற. மூஞ்சியப் பாரு. முடியா அது? காக்கா கூடு. மாமா வரப்ப இந்த மூஞ்சியோடதான் நிக்கப் போறியா?"

நான் அழுகைய நிறுத்த முடியாம நின்னேன். அம்மா திட்டுறதுக்குத்தான் அழுறேன்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க. "சரி சரி, விடு, அழாத"ன்னு கொரல எறக்குனாங்க. எனக்குப் பயமாயிருச்சு. எறக்காதீங்கம்மா. இன்னும் கொஞ்சம் திட்டுங்க.

அவங்க சோப்பு போற வரைக்கும் அலசுனாங்க. படையல்ல இருந்த எலுமிச்சங்காய எடுத்துட்டு வரச் சொன்னாங்க. "புளிப்புப் பட்டாப் போவுதான்னு பாப்போம்"னு பிழிஞ்சாங்க. செவப்பு போச்சு. ஆனா மஞ்ச திரும்ப வந்து உக்காந்துக்கிச்சு, இன்னும் பெரிசா. அம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தாங்க.

"டப்பாவுல மஞ்ச இருக்கா?"

"இருக்கும்மா."

"கொண்டா. பெரிய சட்டியையும் எடு. அங்கங்க திட்டுத் திட்டா இருந்தாத்தான் அசிங்கம். எல்லாத்தையும் முக்கிரலாம்."

அடுப்புல சட்டி ஏறுச்சு. அம்மா டப்பாவ வாங்குனாங்க. மூடியத் தொறக்குறப்ப மட்டும் ஒரு செகண்டு நின்னாங்க. அப்புறம் மொத்தத்தையும் தட்டிக் கொட்டுனாங்க. கொதிச்ச தண்ணியில கவர ஒவ்வொண்ணா முக்கி, கரண்டிக் காம்பால பொரட்டி, ஆறினதும் கையாலயே பிழிஞ்சாங்க. முழங்கை வரைக்கும் மஞ்ச. நான் பக்கத்துலயே நின்னேன், நெருப்பக் கொறைக்கச் சொன்னா கொறச்சேன், ஏத்தச் சொன்னா ஏத்துனேன்.

கடைசிக் கவர விரிச்சு ஒதறுனாங்க. பளிச்சுன்னு, லோரிக்குப் போடுற மஞ்ச.

"இந்த மனுசன்," அம்மா கவரப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "கடைசில இதையே போட வச்சிட்டாருல்ல."

அப்புறம் அந்த ஈரத் துணிய மூஞ்சியோட அமுக்கிக்கிட்டாங்க. அடுப்படியில, நின்ன வாக்குலயே. தோளு குலுங்குச்சு. ஒரு வருஷத்து அழுக. நான் அடுப்ப அடைச்சிட்டுப் பக்கத்துல நின்னேன். என்ன சொல்றதுன்னு தெரியாம, "ம்மா, சோறு போடட்டுமா"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்பாவுக்கு வச்ச எறச்சி இருக்குல்ல, அதப் போடு"ன்னாங்க. சாப்பிட்டாங்க. முழுசா இல்ல. பாதி.

மறுநாள் எல்லாத்தையும் அயர்ன் பண்ணி மாட்டுனோம். வெளிய மழ, சரியாக் காயவே இல்ல. சிப்பு கீழ. கிழிஞ்ச குஷன அம்மா காலையிலயே தச்சு முடிச்சிருந்தாங்க. மஞ்சக் கவரு திட்டுத் திட்டாத்தான் இருந்துச்சு, கர்ட்டன் பூவோட சேரல, எலையோடயும் சேரல. அந்த வெள்ளக்காரப் பொம்பள பாத்தா மயக்கம் போட்டுருப்பா.

மாமா வெள்ள ஜிப்பா போட்டுக்கிட்டு வந்தாரு. குஷன்ல நல்லா சாய்ஞ்சு உக்காந்து, சாப்பிட்டு, முறுக்குக் கடிச்சாரு. என் கண்ணு கதவுக்குப் பக்கத்துல இருந்த பையிலயே இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அக்கா, பைய எடுத்துக்க, மழ பெரிசாவறதுக்குள்ள போயிரலாம்"னாரு.

அம்மா தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மாமா அப்பதான் அவங்க கையப் பாத்தாரு.

"கையில என்னக்கா இது?"

"குஷனுக்கு முக்குனது. போவ மாட்டேங்குது."

மாமா அந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சொந்தக்காரங்க பாத்தா என்ன சொல்வாங்கன்னு அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தன் தட்டையும் அந்தக் கையிலயே குடுத்தாரு.

"இன்னைக்கு வேணாம்டா தம்பி," அம்மா சொன்னாங்க. "இந்தக் கவர இன்னும் ரெண்டு வாட்டி அலசணும். இவன்கிட்ட விட்டா மறுபடியும் சோப்புப் போடுவான்."

"அப்ப எப்பக்கா வருவ?"

"பாக்கலாம்."

மாமா என்னப் பாத்தாரு. நான் தரையப் பாத்தேன். "சரி, போன் பண்ணு"ன்னுட்டு எந்திரிச்சாரு. எந்திரிச்சா, அலமாக், ஜிப்பா முதுகு பூரா மஞ்ச. நல்லா சதுரமா, குஷன் அச்சு. அம்மா பாத்துட்டாங்க. என் கையப் புடிச்சு அமுக்குனாங்க, சொல்லாதங்கற மாதிரி. மாமா அப்பிடியே மழையில காடி வரைக்கும் நடந்து போனாரு.

எல்லாம் சரியாப் போச்சுன்னு கத விட மாட்டேன். நான் இப்ப இருட்டுல பஸ் ஏறுறேன். மத்தியானம் போன் போடுறேன். சில நாளு எடுக்குறாங்க, சில நாளு எடுக்குறதில்ல. எடுக்காத நாளு ஆபீஸ் படிக்கட்டுல நின்னு மக்சிக்குக்குப் போன் அடிக்கிறேன். சில நாளு வீட்டுக்கு வந்தா சோறு வச்சது வச்ச மாதிரி இருக்கு. மாமாவும் வாரா வாரம் கேக்குறாரு.

விருந்தாளி வர்றது நின்னதும் அம்மா பழைய மெரூன் கவர எடுத்து மஞ்சளுக்கு மேல மாட்டிட்டாங்க. வேலையிலேர்ந்து வந்ததும் நான் சோபா மூலையில உக்காந்து, ஒரு குஷன மடியில எடுத்து வச்சு, சிப்ப லேசா ஒரு வெரலு அளவுக்கு இழுத்துப் பாப்பேன். உள்ள மஞ்ச இருக்கு.

"டேய், மூடு அத. தூசி போவும்"னு அடுப்படியிலேர்ந்து ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் வர்ற அன்னைக்கு, நான் மூடிருவேன்.